மூங்கிலை வெட்டிவிடச் சொன்ன நண்பருக்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னுடன் ஒரே விடுதி அறையில் இருந்த நண்பர் ஒருவர் கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். வத்தளையில் அவருக்கு ஒரு காணி இருக்கிறது. அதைக் கண்ணால் கண்டு ஒன்பது வருடங்களாகின்றன. மதிலோரத்தில் ஒரு காலத்தில் அழகுக்காக நட்ட மஞ்சள் மூங்கில் இப்போது பக்கத்து வீட்டுக் கூரைமேல் சாய்ந்து நிற்பதாகவும், அந்த வீட்டார் அதனைப் படமெடுத்து அனுப்பியிருப்பதாகவும் சொன்னார்.

"மச்சான், நாலு பேரைப் பிடிச்சு அதை வெட்டிவிடடா. காசை நான் அனுப்புறன்."

வெட்டிவிட மாட்டேன் என்றும், அகற்றுவதென்றால் செய்து தருகிறேன், ஆனால் இரண்டு வருடமாவது ஆகும் என்றும் பதில் சொன்னேன். தான் ஒரு மூங்கில் பற்றையைப் பற்றித்தான் கேட்டதாகவும் அரசியல் தீர்வைப் பற்றிக் கேட்கவில்லை என்றும் கூறிச் சிரித்தார். அவர் சிரித்ததில் பிழையில்லை. 2017 ஆம் ஆண்டுக்கு முன்னர் எவராவது என்னிடம் அவ்வாறு சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கொழும்பின் புறநகரொன்றில் உள்ள எனது வளவில் 2006 இல் நானே விரும்பி நட்ட மூங்கில் அது. பேராதனைப் பூங்காவில் மகாவலியின் கரையோரமாக நிற்கும் இராட்சத மூங்கில்களின் அடியில் இளமையில் பொழுதைக் கழித்தவர்களுக்கு அந்தத் தாவரத்தின்மேல் ஒரு மயக்கம் ஆயுள் முழுவதும் இருக்கும். முப்பது மீற்றர் உயரத்தில் காற்றில் அவை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் ஓசையைக் கேட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்திருக்கிறோம், படித்ததாகச் சொல்லியிருக்கிறோம். அந்த இராட்சத வகையை நடுவதற்கு என் வளவில் இடமில்லை. ஆகவே, பச்சைக் கோடுகள் ஓடும் மஞ்சள் மூங்கிலின் கைத்தடியளவான துண்டு ஒன்றை நாற்று விற்பவரிடம் வாங்கி, மதிலிலிருந்து இரண்டடி தள்ளி நட்டேன். தெருத்தூசியையும் பேருந்துச் சத்தத்தையும் அது மறைக்கும் என்பது எனது கணக்கு.

கணக்குப் பிழைக்கவில்லை. மூன்றாம் வருடமே தெரு மறைந்தது. ஆறாம் வருடம் வானமும் மறைந்தது. சருகுகள் எங்கள் கூரைப் பீலியை அடைத்ததோடு நில்லாமல் பக்கத்து வீட்டு டீச்சரின் பீலியையும் அடைத்தன. ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை அவர். என்னை "மல்லி" என்றே அழைப்பார். சிங்களத்தில் தம்பி என்று பொருள். "மல்லி, உங்கள் மூங்கில் எங்கள் வீட்டுக்கும் நிழல் தருகிறது" என்று ஒருநாள் சொன்னார். அது பாராட்டல்ல என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு மேலும் இரண்டு மழைக்காலங்கள் தேவைப்பட்டன. பத்தாம் வருடத்தில் பற்றையின் அடி பத்தடிக்கு மேல் அகன்று, மதிலில் ஒரு வெடிப்பு விழுந்து, அந்த வெடிப்புக்குள் விரல் நுழையும் அளவு ஏற்பட்டுவிட்டது.

வேலித் தகராறு என்பது யாழ்ப்பாணத்தவருக்குப் புதிய விடயமல்ல. ஒரு கதியால் அரையடி தள்ளி நடப்பட்டதற்காக இரண்டு தலைமுறை நீதிமன்றம் ஏறிய குடும்பங்களை எமக்குத் தெரியும். அப்படியான ஊரில் பிறந்துவிட்டு, மதிலிலிருந்து இரண்டடி தள்ளி மூங்கில் நட்டது எனது குற்றம். வேறு எவர்மீதும் பழியைப் போட முடியாது.

மூங்கிலை நாம் மரமென்று நினைப்பதிலிருந்துதான் தவறு தொடங்குகிறது. உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரமென்றும் வெளியே வைரம் கொண்டவற்றைப் புல்லென்றும் தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. பனையையும் தென்னையையும் புல் என்பதை இன்றைய தாவரவியல் ஏற்பதில்லை. ஆனால் மூங்கிலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் கருத்து வேறுபாடில்லை. நெல்லும் கரும்பும் அருகம்புல்லும் சேர்ந்த குடும்பம்தான் மூங்கிலினதும். மரத்தை அடியோடு தறித்தால் பெரும்பாலும் அதன் கதை முடிந்தது. புல்லை வெட்டினால் என்ன நடக்கும் என்பது மாடு வளர்த்த எவருக்கும் தெரியும்.

நிலத்துக்கு மேலே தெரிவது மூங்கிலின் அறுவடை மட்டுமே. அதன் உயிர் நிலத்தடித் தண்டுகளில் இருக்கிறது. கழிகள் சேர்த்த மாப்பொருள் அந்தத் தண்டுகளில் சேமிப்பாகக் கிடக்கிறது. மழை தொடங்கியதும் அந்தச் சேமிப்பைக் கொண்டு புதிய முளை கிளம்பும். கிளம்பும்போதே அதன் பருமன் முடிவாகிவிடும். பின்னர் ஒரு நாளும் அது தடிப்பதில்லை. சில மாதங்களுக்குள் முழு உயரத்தையும் எட்டிவிட்டு, அடுத்த மூன்று நான்கு வருடங்களில் முற்றி வலுவடையும். ஆகவே கழிகளை வெட்டுவதென்பது கடன்காரனின் சட்டைப்பையைச் சோதிப்பதற்குச் சமம். பணம் வங்கியில் இருக்கிறது.

இதெல்லாம் எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. 2017 ஏப்ரலில், புத்தாண்டு முடிந்த கையோடு, தெருவில் கத்தியுடன் வேலை கேட்டு வந்த நால்வரைப் பிடித்து, கூலி பேசி, வெட்டச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டேன். மாலையில் திரும்பியபோது தெருப்பக்கம் நின்ற எண்பது கழிகள் வரை விழுந்திருந்தன. மதிலோரமாக நின்றவை மேலே கிளைகள் பின்னிக் கிடந்ததால் இழுக்க முடியவில்லையென்று அப்படியே விட்டுவிட்டார்கள். வெட்டியவற்றையும் இடுப்பளவு உயரத்தில், கத்தி வீச வசதியான இடத்தில், கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே வெட்டியிருந்தார்கள். எண்பது குவளைகள் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்தபடி நின்றன.

கழிகளில் பாதியைக் காசு கொடுத்து லொறியில் ஏற்றி அனுப்பினேன். வெட்டுவதற்கும் கூலி, கொண்டுபோவதற்கும் கூலி. மீதியை வளவுக்குள்ளேயே எரிக்கலாம் என்று யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு அன்றிரவு நெருப்பு வைத்தேன். பச்சை மூங்கிலின் கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்றும் ஈரமும் சூடேறும்போது வெடித்தே தீரும். முதல் வெடியோடு என் மனைவி அறைக்குள்ளிருந்து ஓடி வந்தார். அடுத்தடுத்து வெடித்தபோது தெருவில் மூன்று வீடுகளில் விளக்குகள் அணைந்தன. எரிந்த விளக்குகள் அணைந்தன என்றுதான் எழுதுகிறேன், அணைந்திருந்தவை எரியவில்லை. போர் முடிந்து எட்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஊடகத்தில் இருபது வருடங்களுக்கு மேல் குண்டுச் செய்திகளை எழுதிய எனக்கு அந்த யோசனை முன்கூட்டியே வந்திருக்க வேண்டாமா? தண்ணீர் ஊற்றி அணைத்தேன்.

மே மாத இறுதியில் மழை பிடித்தது. தென்மேற்கில் அந்த வருடம் பெய்த மழையையும் அதனால் ஏற்பட்ட வெள்ளத்தையும் மண்சரிவுகளையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த டெங்கு, இலங்கை அதுவரை கண்டிராத அளவில் இருந்தது. 2017 இல் மட்டும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளர்கள் பதிவானார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எமது பத்திரிகையில் அந்தச் செய்திகளுக்குத் தலைப்பிட்டவர்களில் நானும் ஒருவன். வீட்டில் பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தோம், சிரட்டைகளைப் பொறுக்கினோம், தகரப்பேணிகளைப் புதைத்தோம். மூங்கில் அடிக்கட்டைகளைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்த நாளில் அவர் நேரே அங்குதான் போனார். கைவிளக்கை ஒரு கட்டைக்குள் அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கறுத்த தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அடுத்த கட்டையிலும் அப்படியே. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகளில் ஒரு வகைக்கு மரப்பொந்தும் மூங்கில் கட்டையுமே இயற்கையான பிறப்பிடம் என்று விளக்கினார். ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் நின்றால் போதுமாம். முட்டைகளோ காய்ந்த கட்டையில் மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த மழையில் பொரிக்கக்கூடியவை. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு உற்பத்தியைத் தடுக்கும் சட்டத்தை எனக்கு நினைவூட்டி, எழுத்தில் அறிவித்தலும் தந்துவிட்டுப் போனார். அந்தச் சட்டம் வந்தபோது அதை வரவேற்றுப் பத்தி எழுதியவன் நான்.

அன்று மாலையே கட்டைகள் அனைத்தையும் மணலால் நிரப்பினேன். அதற்கு நான்கு நாட்களின் பின்னர் டீச்சரின் ஒன்பது வயதுப் பேரனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாட்கள் வைத்தியசாலையில் இருந்தான். குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை குறைந்து, பின்னர் மெல்லக் கூடியது. பிழைத்துக்கொண்டான். அவனைக் கடித்த நுளம்பு எங்கே பிறந்தது என்பதை எவராலும் நிரூபிக்க முடியாது. அந்தத் தெருவில் அடைபட்ட வடிகால்களும் கட்டி முடியாத வீடுகளும் இருந்தன. ஆனால் ஈடிஸ் நுளம்பு சில நூறு மீற்றருக்கு அப்பால் பறந்து செல்வது அரிது. எனது மூங்கில் கட்டைகளுக்கும் அவன் படிக்கும் யன்னலுக்கும் இடையே ஒரு மதில் மட்டுமே இருந்தது. டீச்சர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இதன் பிறகுதான் முறையாக அகற்றும் வேலை தொடங்கியது. அதைச் செய்து தந்தவர் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து கொழும்பில் குடியேறிய முதியவர் ஒருவர். அவருடைய தந்தை தோட்டத்தில் கொழுந்துக் கூடை பின்னியவராம். பற்றையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "யாருங்க ஐயா இத வெட்டுனது? கணுவுக்கு ஒட்டி மேல வெட்டணுங்க. அப்ப தண்ணி நிக்காது" என்றார். இந்த ஒரு வாக்கியம் எனக்கு ஏப்ரலில் கிடைத்திருக்க வேண்டியது. கணுவில் ஒரு தட்டு இருக்கிறது. அதற்குச் சற்று மேலே அறுத்தால் மழைநீர் தேங்கக் குழி இருக்காது.

மீதிக் கழிகளை மழைக்காலத்தில் வெட்ட வேண்டாமென்று தடுத்து, 2018 மாசி வரை என்னைக் காத்திருக்க வைத்தார். வரட்சியில் கழியில் மாப்பொருளும் ஈரமும் குறைவு. தேய்பிறையில்தான் வெட்டுவேன் என்று பிடிவாதமும் பிடித்தார். எங்கள் ஊரில் பனை தறிப்பவர்களும் இப்படித்தான் நாள் பார்ப்பார்கள். நிலவு தேய்வதற்கும் மூங்கில் உளுப்பதற்கும் தொடர்பிருக்கிறதோ இல்லையோ, வேலை தெரிந்தவனோடு தர்க்கம் செய்யும் நிலையில் நான் இருக்கவில்லை. முதலில் காய்ந்த கழிகள், பின்னர் வெளிவரிசை, பின்னர் உள்ளே என்று ஒவ்வொன்றாக அறுத்து, மேலே பின்னிய கிளைகளைக் கொக்கத்தடியால் விடுவித்து இழுத்தார். முளை உறைகளின் சுணை பட்டால் இரண்டு நாள் சொறிய வேண்டியிருக்கும் என்று கையில் சாக்குச் சுற்றிக்கொண்டார்.

அடிக்கிழங்கைத் தோண்டியதுதான் பெரும்பாடு. அலவாங்கு, கோடாலி, மண்வெட்டி மூன்றும் வேண்டும். மூங்கிலுக்கு ஆணிவேர் கிடையாது. இரண்டு மூன்று அடிக்குள் முழுவதும் அடங்கிவிடும். ஆனால் அந்த இரண்டடி, கயிறும் கல்லும் சேர்த்துப் பின்னியது போன்றது. பெக்கோ இயந்திரம் நுழையும் வளவாக இருந்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். எனக்கு மதில் இருந்ததால் பதினொரு நாட்கள் சென்றன. மதிலின் அத்திவாரத்தோடு ஒட்டியிருந்த பகுதியைத் தோண்ட முடியாமல் விட்டோம். அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் முளை வந்தது. முழங்கால் உயரம் வரும்போது, இலை விரியுமுன், காலால் உதைத்தாலே முறிந்துவிடும். இலை விரிய விட்டால் சேமிப்பு மீண்டும் நிரம்பும். விடாமல் முறித்தால் சேமிப்புக் கரையும். 2019 இறுதியில் வந்த முளைகள் பென்சில் பருமனில் இருந்தன. 2020 இல் எதுவும் வரவில்லை.

இடையில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் பல. மண்ணெண்ணெய் ஊற்று என்றார் ஒருவர். உப்பைக் கொட்டு என்றார் இன்னொருவர். கிளைபோசேற் வாங்கித் தருவதாகச் சொன்னவர்களும் உண்டு. 2015 இல் தடைசெய்யப்பட்டு 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்ட அதே மருந்துதான். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் வளவில் இவற்றில் எதையும் நான் செய்யத் துணியவில்லை. எனது பொறுமையின்மையால் நட்டதை மேலும் ஒரு பொறுமையின்மையால் தீர்க்க முயல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பூத்தால் தானே செத்துவிடும், அதுவரை விடு என்றவரும் ஒருவர் உண்டு. பல மூங்கில் இனங்கள் பூத்ததும் மடிவது உண்மையே. மிசோரத்தில் ஏறத்தாழ 48 வருடங்களுக்கு ஒருமுறை காடு முழுவதும் ஒன்றாகப் பூத்து, அதன் விதைகளைத் தின்று பெருகிய எலிகள் வயல்களை அழிக்க, 1959 இல் பஞ்சம் வந்தது. பஞ்ச நிவாரணத்துக்குத் தொடங்கிய இயக்கமே பின்னர் மிசோ தேசிய முன்னணியாகி 1966 இல் ஆயுதம் ஏந்தியது. 1986 இல்தான் உடன்படிக்கை வந்தது. ஆனால் எனது மஞ்சள் மூங்கில் பூப்பது மிக அரிது. அதை நம்பிக் காத்திருந்தால் மதில் மிஞ்சியிருக்காது.

இனிக் கழிகளின் கதை. முதல் எண்பதையும் காசு கொடுத்து ஒழித்தவன், இரண்டாம் முறை வெட்டிய அறுபதுக்குச் சற்று அதிகமானவற்றில் ஒன்றைக்கூட வெளியே அனுப்பவில்லை. மஞ்சள் மூங்கிலில் மாப்பொருள் அதிகம் என்பதால் சிறு வண்டுகள் துளைத்து ஒரே வருடத்தில் மாவாக உதிர்த்துவிடும். அதனால் அதைப் பயனற்ற மூங்கில் என்பார்கள். முதியவர் வெட்டிய கழிகளை இலைகளோடு ஒரு வாரம் சாய்த்து நிறுத்தி வைத்தார். இலைகள் உள்ளிருப்பதை உறிஞ்சித் தீர்க்கட்டும் என்பது அவரது விளக்கம். தோட்டத்தில் ஓடும் தண்ணீரில் இரண்டு மாதம் அமிழ்த்திப் போடுவார்களாம். எனக்கு ஓடை இல்லை. ஆகவே புத்தகங்களில் சொல்லப்படும் முறையைப் பின்பற்றினேன். நூறு லீற்றர் தண்ணீருக்கு மூன்று கிலோ வெண்காரமும் இரண்டு கிலோ போரிக் அமிலமும் கரைத்து, கணுத்தட்டுகளைக் கம்பியால் துளைத்த கழிகளை, பொலித்தீன் விரித்த நீண்ட குழியில் பத்து நாட்கள் அமிழ்த்தி, நிழலில் உலர்த்தினேன். பிள்ளைகளும் நாய்களும் அந்தக் குழியை அண்டாமலும், அதில் நுளம்பு வராமலும் தகரத்தால் மூடி வைத்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்த மருந்து மழையில் கரைந்துபோகும். ஆகவே கூரைக்குக் கீழே பயன்படுத்தும் கழிகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

அவ்வாறு பதப்படுத்திய இருபதில் வாகனத் தரிப்பிடத்தின் பின்புறத் தடுப்பும் புத்தக அறையின் யன்னல் தட்டியும் செய்தோம். இன்று வரை வண்டு தொடவில்லை. பதப்படுத்தாதவை பாகலுக்கும் புடோலுக்கும் பந்தல் ஆயின. இரண்டு மூன்று வருடத்தில் மக்கும். மக்கட்டும், அது மண்ணுக்குத்தான் போகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. இந்த மூங்கிலைப் பச்சையாக நிலத்தில் ஊன்றினால் கதியால் போல் வேர் பிடித்துவிடும். நான் பயிற்றங்கொடிக்கு ஊன்றிய ஒரு தடி மூன்று வாரத்தில் துளிர்த்து நின்றதைக் கண்டு எனக்கு வியர்த்துவிட்டது. நன்றாகக் காயவிட்டே ஊன்ற வேண்டும்.

மெல்லிய நுனிகளில் ஒரு கட்டை வல்வெட்டித்துறைக்கு அனுப்பினேன். தைப்பொங்கலன்று அங்கே பட்டம் விடும் என் மருமகன் நல்ல மூங்கில் கிடைப்பதில்லை என்று வருடா வருடம் குறைப்பட்டுக்கொள்பவன். இன்னொரு கட்டு மதிலுக்கு அப்பால் போனது. டீச்சரின் பேரன் கேட்டு வந்தான். வெசாக் கூடு கட்டுவதற்குச் சீவிய குச்சிகள் தேவையாம். முதியவர் திண்ணையில் அமர்ந்து, கழியை நான்காகவும் எட்டாகவும் பிளந்து, முழங்காலில் வைத்துச் சீவிக் கொடுத்தார். சிங்களத்தில் அவருக்குப் பத்துச் சொற்களும், தமிழில் அவனுக்கு மூன்று சொற்களும் தெரியும். அந்த வருட வெசாக்கில் எட்டு முகக் கூடு ஒன்று மதில் வெடிப்புக்கு நேர் மேலே தொங்கியது.

இலண்டனிலும் ஐரோப்பாவிலும் உள்ள வாசகர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எங்கள் நாட்டு வளவுகளில் நிற்பவை பெரும்பாலும் பற்றையாக வளர்பவை. குளிர்நாட்டு நாற்றுக் கடைகளில் வேலி மறைப்புக்கென விற்கப்படும் கறுப்பு மூங்கிலும் பொன் மூங்கிலும் ஓடும் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் நிலத்தடித் தண்டு சில மீற்றர் தூரம் ஓடி, அயலவரின் புற்றரையில் தலைகாட்டும். அங்கே பற்றையைத் தோண்டினால் போதாது. ஓடிய தண்டுகளைத் தேடித் தேடி எடுக்க வேண்டும். எடுத்ததைக் காட்டோரம் கொண்டுபோய் வீசுவது இன்னொருவரின் தோட்டத்தில் நடுவதற்குச் சமமாகும். முளையை முறித்துச் சேமிப்பைக் கரைக்கும் முறையில் மட்டும் மாற்றமில்லை.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி வளவைத் துப்புரவாக்கச் சொல்லும் எம்மவர்களைக் குறை கூறுவது எனது நோக்கமல்ல. பலருக்கு வர முடியாத காரணங்கள் இருந்தன. சிலருக்கு இன்றும் இருக்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பூட்டிக் கிடக்கும் வளவுகளுக்குப் பக்கத்தில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அரைகுறையாக வெட்டிய பற்றை, வெட்டாத பற்றையைவிட அவர்களுக்கு ஆபத்தானது. முன் வாசலில் நின்று எடுத்த படத்தில் அது துப்புரவாகத்தான் தெரியும். அடிக்கட்டையின் வாயைப் படத்தில் பார்க்க முடியாது. ஆகவே ஆளனுப்புபவர்கள் எத்தனை கழி விழுந்தது என்று கேட்காமல், எந்த இடத்தில் அறுத்தார்கள், கிழங்கை எடுத்தார்களா, அடுத்த மழைக்குப் பின் யார் போய்ப் பார்ப்பார் என்று கேட்க வேண்டும். கூலியை இரண்டாகப் பிரித்து, பாதியை அந்த இரண்டாம் மழைக்குப் பின் கொடுப்பதாகப் பேசிக்கொள்வது நல்லது.

இவ்வளவையும் நண்பருக்குத் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை; அங்கே நள்ளிரவாகிவிட்டது. முற்பணம் அனுப்பியிருக்கிறார். எனக்கு மூங்கில் சொல்லித்தந்த முதியவர் இப்போது கத்தி பிடிப்பதில்லை. அவருடைய மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். மாசியில், தேய்பிறை பார்த்துத் தொடங்கலாம் என்கிறான். முதல் நாள் நானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த வளவில் இருப்பேன்.